கியர் பாக்ஸை உடனே எறக்காதீங்கண்ணே!

தலைப்பைப் பாத்துட்டு "ஐயோ, ஸ்பேனர் மேட்டரா"ன்னு எஸ்கேப் ஆகப் பாக்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்பாவோ மாமாவோ ஓட்டுன பழைய புல்லட் ஒண்ணு உங்க வீட்டுத் தாழ்வாரத்துல தார்ப்பாயைப் போத்திக்கிட்டு நிக்குதா? அப்ப இது உங்களுக்குத்தான். நிக்கலைன்னா நிக்கிற வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும் :-)

எங்க சித்தப்பாவுக்கு திண்டுக்கல். ரிட்டயர் ஆனதுலேர்ந்து சிறுமலையில இருக்கிற துண்டு வாழைத்தோட்டம்தான் அவருக்கு எல்லாம். போக வர ஒரே வண்டி, 84 மாடல் 350 புல்லட். சிறுமலை ரோடு தெரியும்ல? பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறுறது பிரச்சினையே இல்ல. பின்னாடி ரெண்டு வாழைத்தாரைக் கட்டிக்கிட்டு இறங்கும்போதுதான் கதை. மூணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்குக் குறைச்சா, சில நேரம் ரெண்டாவது விழாது. நடுவுல பொய் நியூட்ரல்ல நின்னுக்கும். இன்ஜின் பிடிமானம் போயி வண்டி அது பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கும். டிரம் பிரேக்கை மட்டும் நம்பி வளைவுல திரும்பணும். சித்தி ஒருநாள் போன்ல அழுதுட்டாங்க, "அந்தச் சனியனை வித்துத் தொலைக்கச் சொல்லுப்பா"ன்னு.

பட்டறையில காட்டுனதுக்கு "கியர் செட் மொத்தமும் போச்சு, பாக்ஸை எறக்கி எல்லாம் புதுசு போடணும்"னு ஒரு தொகை சொல்லியிருக்காங்க. வாழைத்தார் விக்கிற மனுசனுக்கு அது ஒரு சீசன் வருமானம். அதுக்குள்ள ஒரு புரோக்கர் மோப்பம் பிடிச்சு வந்து, வண்டியை எடைக்கு எடுக்குற விலைக்குக் கேட்டுட்டுப் போயிட்டான். சித்தப்பா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "தம்பி, இது தேறுமா தேறாதா? தேறாதுன்னா குடுத்துடுறேன்."

சரி, மேட்டருக்கு வருவோம். அதுக்கு முன்னாடி லேசா கொசுவத்தி சுத்திக்கிறேன். 1955-ல மெட்ராஸ்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சப்போ வந்த வடிவமைப்புதான் இந்த நாலு கியர் பாக்ஸ். இங்கிலாந்து ஆல்பியன் கம்பெனியோட டிசைன். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. பக்கத்துலயே நியூட்ரல் ஃபைண்டர்னு ஒரு குட்டி லீவர். முதல் கியரைத் தவிர எதுல இருந்தாலும் குதிகாலால ஒரு மிதி, நேரா நியூட்ரல். இன்னைக்கு வர்ற வண்டி எதுலயாவது இந்த சொகுசு இருக்கா? (இல்ல. நான் பாத்த வரைக்கும் இல்ல.)

முக்கியமான விஷயம், இதுல கியரை மாத்துற ராட்செட் சமாச்சாரம் பாக்ஸுக்கு உள்ள பல்சக்கரங்களோட இல்ல. வெளி மூடிக்குப் பின்னாடி தனியா உக்காந்திருக்கு. வெளி மூடியைக் கழட்டுனாலும் பல்சக்கரங்கள் வெளியில வராது. அதனாலதான் சொல்றேன், எறக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

சித்தப்பா வண்டியில மூணு புகார். ஒண்ணு, சிக்னல்ல நிக்கும்போது நியூட்ரல் சிக்காது. ரெண்டு, அந்தப் பொய் நியூட்ரல். மூணு, ஓடும்போது கர்ர்ருன்னு ஒரு சத்தம். பட்டறையில மூணையும் ஒரே மூட்டையாக் கட்டி "கியர் செட்"னு பேர் வச்சுட்டாங்க. மூணும் ஒரே வியாதிதான்னு யார் சொன்னது? நான் பிரிச்சுப் பாத்தேன்.

முதல் புகாருக்கு ஒரு சுலபமான டெஸ்ட். இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் சிக்கல. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, வண்டியை லேசா முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே மிதிச்சா வெண்ணெய்யா விழுது. அப்படின்னா கியர் பாக்ஸ் மேல பழி போடாதீங்க. கிளட்ச் முழுசா விடுபடல, லீவரைப் பிடிச்சப்புறமும் இன்ஜின் கியர் ஷாஃப்டை இழுத்துக்கிட்டே இருக்கு. கிளட்ச் லீவர்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் சும்மா ஆடணும். சித்தப்பா வண்டியில பாதி தூரம் சும்மாவே போச்சு. கேபிளை உருவிப் பாத்தா உள்ள நாலஞ்சு இழை அறுந்து முள்ளு மாதிரி நிக்குது. புதுக் கேபிள் போட்டு, புஷ் ராடு ஸ்க்ரூவை சரி பண்ணதும் நியூட்ரல் தானா வந்து உக்காந்துச்சு. இதோட, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கும். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கிக் சும்மா அடிக்கணும். பழைய ஆளுங்க எல்லாரும் செய்வாங்க. சின்னப் பசங்க அதைப் பாத்துட்டு "ஸ்டார்ட்டிங் டிரபிள்"னு கிண்டல் பண்ணுவாங்க, விடுங்க.

ரெண்டாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இங்க ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா போதும்: கியர் விழுந்துட்டு வெளிய வருதா, இல்ல விழவே இல்லையா? ரெண்டும் வண்டி மேல உக்காந்திருக்கிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் மட்டும் வேற வேற. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஒரு ஆள் பின் சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தணும். இன்னொரு ஆள் கியரை மிதிச்சு, மிதிச்சபடியே பிடிச்சிருக்கணும். லீவர் கடைசி வரைக்கும் போயும் கியர் விழலைன்னா, ராட்செட் தள்ளுற தூரம் பத்தலைன்னு அர்த்தம். நல்லா விழுந்து, ரோட்டுல ஆக்சிலேட்டர் குடுக்கும்போதோ விடும்போதோ டொக்குன்னு துள்ளி வெளிய வந்தா, அது உள் வேலை. பல்சக்கரத்தோட பக்கவாட்டுல இருக்கிற கவ்வுற முனைகள் மழுங்கியிருக்கும், இல்லாட்டி ஃபோர்க் வளைஞ்சிருக்கும்.

சித்தப்பா சக்கரம் சுத்துனாரு, நான் மிதிச்சேன். ஏறு கியர் எல்லாம் சுத்தமா விழுது. குறைக்கும்போது மட்டும், அதுவும் மூணுலேர்ந்து ரெண்டுக்கு, கடைசி மிதி பத்தாமப் போகுது. துள்ளல் எதுவும் இல்ல. வெளி மூடியைக் கழட்டினோம். உள்ள ஒரு தட்டு, நீளமான துளையில ரெண்டு போல்ட்டு போட்டுப் பிடிச்சிருக்கும். ராட்செட் எவ்வளவு தூரம் தள்ளணும்னு ரெண்டு பக்கமும் எல்லை கட்டுறது அதுதான். தட்டை ஒரு பக்கம் நகர்த்துனா ஏறு கியருக்கு இடம் கூடும், மறுபக்கம் நகர்த்துனா இறங்கு கியருக்கு. தொடுறதுக்கு முன்னாடி அது இப்ப இருக்கிற இடத்தை ஆணியால கீறி அடையாளம் பண்ணிக்கோங்க. இது ரொம்ப முக்கியம். அப்புறம் ஒரு நூல் அளவு நகர்த்து, போல்ட்டை இறுக்கு, நாலு கியரும் மேலயும் கீழயும் போட்டுப் பாரு, மறுபடி நகர்த்து. ஒரு மத்தியானம் முழுக்க இதே பொழப்பு. சித்தி மூணு தடவை டீ கொண்டு வந்து குடுத்தாங்க, முகத்துல மட்டும் சிரிப்பே இல்ல. அஞ்சாவது தடவையோ ஆறாவது தடவையோ எல்லாம் ஒழுங்கா விழ ஆரம்பிச்சுது. அதுக்குச் செலவு ஒரு பைசா இல்ல.

மூணாவது அந்த கர்ர்ர். இதுல நான் ஜெயிச்சேன்னு சொல்ல முடியாது, ஏன்னா இது நிஜமாவே உள் வேலை. ஆனா என்ன உள் வேலைன்னு திறக்காமலே சொல்லிடலாம். இந்த பாக்ஸ்ல முதல் மூணு கியர்லயும் விசை மெயின் ஷாஃப்டுலேர்ந்து லே ஷாஃப்டுக்குப் போயி, திரும்பி வந்துதான் ஸ்பிராக்கெட்டுக்குப் போகும். டாப் கியர்ல லே ஷாஃப்டு மேல பளு கிடையாது, நேரடி இணைப்பு. அதனால 1, 2, 3-ல சத்தம் வந்து டாப்ல அடங்குச்சுன்னா லே ஷாஃப்டு பக்கம் கையைக் காட்டலாம். நாலுலயும் ஒரே மாதிரி வந்தா முதல்ல பின் செயினைப் பாருங்க. சக்கரத்தைச் சுத்தும்போது செயின் ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல தொங்குனா, அந்த சத்தம் கியர் பாக்ஸ் சத்தம் மாதிரியே வேஷம் போடும். நியூட்ரல்ல நிக்கும்போதே சத்தம் வந்து, கிளட்சைப் பிடிச்சதும் நின்னா, மெயின் ஷாஃப்டு பேரிங்கை சந்தேகப்படலாம்.

நத்தம் ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். மூணு வரைக்கும் கர்ர்ர், டாப்ல அமைதி. அடுத்து டிரெயின் போல்ட்டைக் கழட்டுனா எண்ணெயே வரல! உள்ள கெட்டி கிரீஸ், களிமண்ணு மாதிரி. இந்த பாக்ஸுக்கு கிரீஸ் போடுற வழக்கம் உண்டுதான், ஆனா அது கூழ் மாதிரி இளகுன கிரீஸா இருக்கணும். ஒழுகுதேன்னு யாரோ வீல் பேரிங்குக்குப் போடுறதை அடைச்சு வச்சிருக்காங்க. பல்சக்கரம் அதுல ஒரு வாய்க்கால் வெட்டிக்கிட்டு சும்மா சுத்தும், புஷ்ஷுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. கொஞ்சம் குச்சியால வழிச்சு, மண்ணெண்ணெய்ல கரைச்சு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டுனேன். காந்தத்துல கறுப்புப் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டுச்சு, அது வயசான வண்டிக்கு சகஜம். சில்லு எதுவும் இல்ல. பல்லு உடைஞ்சிருந்தா சில்லு வந்திருக்கும். ஆனா தட்டுல மஞ்சளா மினுமினுன்னு தூள் கிடந்துச்சு, காந்தத்தை சட்டையே பண்ணல. வெண்கலம். அதாவது புஷ்.

இந்தத் தகவலோட, ஊர்ல புல்லட் மட்டுமே பாக்குற வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போனோம். "கியர் செட் வேணாம்ணே, லே ஷாஃப்டு புஷ் மட்டும் பாருங்க"ன்னதும் என்னை ஒரு மாதிரி மேலயும் கீழயும் பாத்தாரு. சித்தப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் பிரிச்சாரு. ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டுனா கடகடன்னு ஆடுது. பல்லெல்லாம் ஒழுங்கா இருக்கு, கவ்வுற முனைகள்ல கூர் மிச்சமிருக்கு. "இந்தச் சக்கரம் உங்க காலத்துக்கும் வரும்யா"ன்னாரு. புஷ், பேக்கிங், இளகுன கிரீஸோட கொஞ்சம் எண்ணெய், அவர் கூலி எல்லாம் சேர்த்து, மொத பட்டறை சொன்னதுல ஆறுல ஒரு பங்கு கூட வரல.

அடுத்த ஞாயித்துக்கிழமை சித்தப்பா வெறும் வண்டியா ஒரு தடவை, ஒரு தார் கட்டி ஒரு தடவைன்னு சிறுமலை இறங்கிப் பாத்தாரு. நான் பின்னாடி இன்னொரு வண்டியில வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ரெண்டாவதுக்குக் குறைக்கிற சத்தம் தெளிவாக் கேட்டுச்சு, பதினெட்டு தடவையும். புரோக்கர் இன்னும் மாசத்துக்கு ஒருக்கா போன் பண்றானாம். சித்திதான் எடுத்துப் பேசுறாங்களாம்.