மணப்பாட்டில் ஒரு பாலன் பிறப்பு விழா

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் குலசேகரன்பட்டினத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், இடப்புறத்தில் மணற்பாறைக் குன்று ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம்; சற்றுத் தள்ளிக் கலங்கரை விளக்கம்; குன்றின் மடியில் வளைந்து கிடக்கும் மணல்; அந்த வளைவுக்குள் கரையேற்றி வைத்த படகுகள். இதுவே மணப்பாடு. கருமேனியாறு இவ்வூர் அருகேதான் கடலோடு கலக்கிறது. கோடையில் அதனை ஆறு என்று சொல்ல வெளியூரார் தயங்குவர்.

புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தங்கிச் செபித்த குகை, குன்றின் கடல்புறத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னே சைவத் துறவி ஒருவர் அங்கு வாழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அலை பாறையில் மோதும் தொலைவிலேயே குகைக்குள் உவர்ப்பில்லாத நீரூற்று உண்டு. குன்றின்மேல் கோயில் எழுந்த ஆண்டு 1581. செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தையே ஊரின் பெருமையாக எல்லாரும் எழுதுவர். எங்களுக்கோ மணப்பாடு என்றால் டிசம்பர்தான். பிழைப்புக்காகத் திருச்சிராப்பள்ளியில் குடியேறிய நாள்முதல் ஆண்டுதோறும் பாலன் பிறப்பு விழாவுக்கு நாங்கள் இங்கே வந்துவிடுவோம். கொழும்பு வாணிகம் செழித்திருந்த காலத்தில் கட்டப்பட்ட பெரிய வீடுகளுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த சிறு வீடொன்றில் அம்மா இருக்கிறார்.

அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடத்துச் சுவரில் நாள்காட்டி தொங்கும். தினம் ஒரு தாளைக் கிழிக்கும் வகை. குடும்பத்தில் ஏதேனும் நடந்த நாளாயின், கிழித்த தாளை அம்மா எறிவதில்லை. அதன் பின்புறத்தில் ஓரிரு சொற்கள் எழுதி, கடைக்காரர் ரசீது குத்தி வைப்பதுபோலக் கம்பி ஒன்றில் கோத்து வைப்பார். டிசம்பர் 24 இரவு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் முன், குடிலின் முன்னே பாய் விரித்து உட்கார்ந்து கம்பியிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்போம். நல்ல நாள், கெட்ட நாள் என்ற வேறுபாடு அம்மாவிடம் கிடையாது. அப்பா இறந்த நாளின் தாளும் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. அந்த ஆண்டு நாங்கள் பதில் சொல்லவில்லை. அம்மா ஒருவரே சொன்னார்.

வாசித்து முடித்த தாள்கள் பனைநாரால் கட்டப்பட்டுத் தகரப் பெட்டிக்குள் போகும். 24-க்குப் பிறகு வரும் நாள்கள் அடுத்த ஆண்டுக் கணக்கு. ஆகவே 2005-ஆம் ஆண்டுக் கட்டின் முதல் தாள் 2004 டிசம்பர் 26. கடல் பொங்கிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமையின் பின்புறத்தில் "எல்லாரும் இருக்கோம்" என்று இரண்டு சொற்கள் உள்ளன.

இத்தனை சொன்னது 2023-ஆம் ஆண்டின் விழாவைச் சொல்வதற்காக.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலி, கண்ணில் புரை. தனியே இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு தொலைபேசியில் சொன்னோம். நெடுநேரம் பேசினோம். பேசியது பெரும்பாலும் நாங்கள்தான். கடைசியில் அம்மா, "சரிய்யா, உங்க இஷ்டம்" என்றார். திருச்சி வீட்டில் அவருக்கென ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்தோம். சுவரில் ஆணி அடித்து, 2024-ஆம் ஆண்டுக்கான நாள்காட்டியையும் முன்கூட்டியே வாங்கி மாட்டினோம். டிசம்பர் 17, ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் விரைவு வண்டியில் அவருக்கு இடம் பதிவு செய்திருந்தோம். சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும் பக்கத்து வீட்டு அம்மையார் துணை.

அன்று பெய்த மழையை அப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளையும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கிற்று. வண்டியில் இருந்தவர் ஏறத்தாழ 800 பேர்.

இவை யாவும் நாங்கள் பின்னர் அறிந்தவை. 18-ஆம் நாள் விடியுமுன் திருச்சிச் சந்திப்பின் நடைமேடையில் நின்றபோது, வண்டி தாமதம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் கைப்பேசி ஒருமுறை ஒலித்து அடங்கிற்று. பிறகு அதுவும் இல்லை. முற்பகலில் செய்தி வந்தது. அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியது இளையவனுக்காக மட்டுமே. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசினோம். அம்மா தன் வீட்டில் இருந்திருந்தால், மணல்மேட்டின்மேல், ஓட்டுக் கூரையின்கீழ் இருந்திருப்பார். அந்த வண்டியில் அவரை ஏற்றியது எங்கள் அக்கறை.

20-ஆம் நாள் காலையில் அம்மா வந்து சேர்ந்தார். மீட்புப் படையினர் பயணிகளைத் தண்ணீரினூடே நடத்தியும் தூக்கியும் கரைசேர்த்து, பேருந்துகளில் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவந்து, தனி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். சேலை கணுக்கால் வரை சேறு. கையில் ஒரே ஒரு பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றிய கம்பியும் தாள்களும். துணிப்பெட்டி வேறு யாருடனோ போய்விட்டது. அது பின்னரும் கிடைக்கவில்லை.

இரண்டு வேளை உறங்கி எழுந்தபின் அம்மா சொன்ன முதற் சொல் இது: "என்னைய ஊர்ல கொண்டு விட்டுருங்கய்யா. காலண்டரு பதினேழுலயே நிக்கும். வருசத்தப் பாதியில போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

மறுத்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 22-ஆம் நாள் இரவு ஐவரும் கன்னியாகுமரி வண்டியில் ஏறினோம். திருச்செந்தூர்ப் பாதை சீராகி வண்டி ஓடியது 2024 ஜனவரியில்தான்; ஆகவே சுற்றுவழி. விடியலில் வள்ளியூரில் இறங்கினோம். திசையன்விளை வழியாக உவரி வந்து, அங்கிருந்து கடற்கரைச் சாலை. எத்தனையோ முறை வந்த நாட்டை அன்று புதிதாகப் பார்த்தோம். வழக்கமாக வெண்மணலும் செம்மணல் தேரியும் உடைமரமுமாகக் காய்ந்து கிடக்கும் நிலம், பனைகளின் இடுப்பளவு நீரில் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சாலையோரக் கடையில் தேநீர் ஆற்றியவர், நாங்கள் போகும் ஊரைக் கேட்டுவிட்டு, "அங்கன தண்ணி இறங்கிட்டு, தைரியமாப் போங்க" என்றார். உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா ஆலயத்தின்முன் பேருந்து மாறினோம். அன்றைய நிலையில் அக்கப்பலைக் கண்டு இளையவன் சிரித்தான். அவன் சிரித்தது கண்டு அம்மாவும் சிரித்தார். ஆறு நாள்களில் அதுதான் முதற்சிரிப்பு.

எங்கள் தெருவில் நீர் நிற்கவில்லை, மணல் குடித்துவிட்டது. வீட்டில் பின்கட்டு ஓடுகள் நான்கைந்து சரிந்து, அரிசிப்பானை நனைந்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றியதும் நேரே கூடத்துக்குப் போனார். நாள்காட்டி 17 என்றே காட்டிக்கொண்டிருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து 23-க்குக் கொண்டுவந்தார். கிழித்தவற்றுள் 18-ஐயும் 19-ஐயும் மட்டும் தனியே எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த ஆண்டு 24-ஆம் நாளே ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்தது. காலையில் திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறு திருப்பலி. இரவில் பாலன் பிறப்பு. இடைப்பட்ட பகலில் மூத்தவள் குடில் கட்டினாள். அக்கம்பக்கத்தார் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து தந்தனர். எங்களிடம் பதிலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. ஒரு வீட்டிலிருந்து உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி ஒரு தூக்கு நிறைய வந்தது. அதைக் குடித்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தோம்.

தாள்கள் ஈரம் பட்டு ஒட்டியிருந்தன. மூத்தவள் கவனமாகப் பிரித்து வாசித்தாள். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள்: "ஆடு குட்டி போட்டது." ஏப்ரல் 9, உயிர்ப்புப் பெருவிழா: "பேரன் போன்ல பாடினான்." மே 8, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள்: "பாஸ்." மே மாதத்துப் பிற்பகுதியில் ஒரு ஞாயிறு, இளையவன் புதுநன்மை வாங்கிய நாள்: "வெள்ளைச் சட்டை பெரிசு." அது உண்மைதான்; இரண்டாண்டுகளுக்கு உதவட்டும் என்று நாங்கள் பெரிதாகத் தைத்திருந்தோம். ஜூன் மாதத்தில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முடிவு வந்த நாளின் தாளில் "கிடைக்கலை" என்று மட்டும் இருந்தது. வாசித்தவள் அவளே. ஒரு கணம் நிறுத்திவிட்டு அவளாகவே "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றாள். செவிலியர் படிப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, நன்றாகவே படிக்கிறாள். ஆயினும் அந்த நன்றி எளிதாக வந்ததன்று என்பதைப் பெற்றவர்கள் அறிவோம். ஜூலையில் குடும்பத் தலைவர் பித்தப்பை அறுவைக்குப் போய், புண் சீழ்ப்பிடித்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்த கதைக்கு மூன்று தாள்கள். மூன்றாவதில் "கஞ்சி குடிச்சான்."

அடுத்து ஆகஸ்டுத் தாள். மூத்தவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். அதில் ஒரே சொல்: "வீடு."

யாரும் பதில் சொல்லவில்லை. வெளியே அலையோசை கேட்டது. தொலைபேசியில் அவ்வளவு பேசிய நாங்கள் அப்போது பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாதான் வழக்கம்போல, அப்பா இறந்த ஆண்டில் சொன்ன அதே குரலில், "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றார். சொல்லிவிட்டு, "அடுத்தத வாசி, மக்கா, பூசைக்கு நேரமாவுது" என்றார்.

செப்டம்பரும் அக்டோபரும் விரைந்து போயின. கம்பி வெறுமையானதும் அம்மா இடுப்பிலிருந்து அந்த இரு தாள்களை எடுத்தார். 18-ஆம் நாளின் பின்புறத்தில் "புதுக்குடிச் சோறு" என்றிருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகேயுள்ள புதுக்குடி ஊரார், தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்து பண்டங்கள் கிடைக்காதிருந்த வேளையில், வண்டியில் சிக்கியவர்களுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "எந்த ஊரு, என்ன சாதி, ஒண்ணும் கேக்கல. கிழவின்னு எனக்கு ரெண்டு கரண்டி கூட வச்சாங்க" என்றார் அம்மா. 19-ஆம் நாளின் தாளில் "கையப் பிடிச்ச பையன்." நீரைக் கடக்கையில் அவரைத் தாங்கி வந்த மீட்புப் படை இளைஞன் அவன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவனது மொழி அம்மாவுக்குத் தெரியாது. வழிநெடுக அம்மா அவனிடம் பேசிக்கொண்டே வந்தாராம். என்ன பேசினீர்கள் என்று இளையவன் கேட்டதற்கு, "உங்கம்மா நல்லா இருப்பான்னு சொன்னேன்" என்றார்.

இந்த இரண்டு தாள்களுக்கும் நாங்கள் ஐவரும் சேர்ந்து பதில் சொன்னோம்.

நள்ளிரவுத் திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டின்போது ஏரல், ஸ்ரீவைகுண்டம், காயல்பட்டினம் என்று ஊர்ப்பெயர்கள் வாசிக்கப்பட்டன. திருப்பலி முடிந்து மணலில் நடந்து வந்தோம். கலங்கரை விளக்கின் ஒளி சுற்றிச் சுற்றி வந்து படகுகளின்மேல் பட்டு மறைந்தது. வழியில் அம்மாவின் முழங்காலுக்காக மூன்று இடங்களில் நின்றோம். மறுநாள் ஓடு மாற்றினோம். அதற்கு அடுத்த நாள், வெள்ளையடித்த அறையிலிருந்து கழற்றி எடுத்துவந்த 2024-ஆம் ஆண்டு நாள்காட்டியைப் பழைய ஆணியில் அம்மாவிடம் கேளாமலே மாட்டினோம். வீட்டு விற்பனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி இரவில் வந்து துணைக்குப் படுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. மார்ச்சில் நாங்கள் வந்து, அம்மாவின் கண்புரைக்கு அறுவை செய்வித்தோம்.

27-ஆம் நாள் காலையில் அம்மா தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். விடுமுறைக் கூட்டம், பேருந்து நிரம்பி வழிந்தது. அன்றைய தாளில் அவர் என்ன எழுதினார் என்பது அடுத்த ஆண்டு, 2024 டிசம்பர் 24 இரவு, அதே பாயில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பஸ்ஸுல எல்லாருக்கும் இடம் கிடைச்சுது."