கோல்மாரில் எடுத்த வாடகை சைக்கிள்

"அம்மா, உனக்கு எலெக்ட்ரிக் சைக்கிள் சொல்லியிருக்கேன். மேடு வந்தா பட்டனை அமுக்கு. நீ மிதிக்கிறதோட அதுவும் சேர்ந்து தள்ளும்."

ஸ்ட்ராஸ்பூர்க்கில் படிக்கும் என் மகள் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. புதுக்கோட்டைக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். நானும் அப்பாவின் பார் வைத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு பழகியவள்தான்.

ஆனால், அதற்கப்புறம் ஸ்கூட்டி வந்துவிட்டது. சைக்கிளைத் தொட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வலது முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் மகளிடம் சொல்வேனா? "எனக்கு சாதா கியர் சைக்கிள் போதும். நீ வேணா பட்டன் சைக்கிளை வச்சுக்கோ" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்திருக்கிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன்பு போனில் சொல்லியிருந்தாள். 'அப்போ திரும்பி வரமாட்டியா?' என்ற கேள்வியை வயிற்றில் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறினேன். நேரில் பார்த்தும் நாலு நாளாகக் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் கோல்மார். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டி இருக்கும் அல்சாஸ் பகுதியின் ஊர் இது. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை வடித்த பார்த்தோல்தி பிறந்ததும் இங்கேதான். கிழக்கே ரைன் நதி, மேற்கே வோஜ் மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வருவதால், பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் கோல்மாரும் ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கேரளப் பக்கம் ஒரு மாதிரி, நம் பக்கம் ஒரு மாதிரி இருக்கிறதே, அதே கதை. அந்தக் காய்ந்த வெயில்தான் இங்கே திராட்சைக்கு வரம்.

மலையடிவாரம் நெடுக வடக்கே மார்லென்ஹைமில் ஆரம்பித்து தெற்கே தான் என்ற ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டருக்கு 'ஒயின் சாலை' போகிறது. 1953-லேயே சுற்றுலாவுக்காகத் திறந்துவைத்த பாதை. நாங்கள் எடுத்துக்கொண்டது அதில் ஒரு சின்னத் துண்டு. கோல்மாரில் கிளம்பி மலையோரக் கிராமங்கள் வழியாக ரிபோவில்லே வரை போய், சமவெளி வழியாகத் திரும்புவது. சுற்றி வந்தால் சுமார் 45 கிலோமீட்டர்.

முதல் ஐந்து கிலோமீட்டர் எனக்குப் பயம்தான். இங்கே வண்டியெல்லாம் வலது பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் கை தானாக இடது பக்கம் இழுக்கிறது. ஊரைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் போகும் குறுகலான பாதைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். அறுவடைக் காலம். வரிசைக்கு நடுவில் குனிந்தபடி ஆட்கள் கத்தரியால் குலை குலையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒடுக்கமான டிராக்டர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயின. காற்றில் புளித்த பழ வாசனை. கீழே சமவெளியில் மக்காச்சோளம், சரிவு ஏற ஆரம்பித்ததும் திராட்சை. யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். சரிவில்தான் வெயில் நன்றாக விழும், தண்ணீரும் தேங்காது.

காரில் போனால் இந்தக் கோடு தெரியாது. சைக்கிளில் தொடைக்குத் தெரியும்.

முதலில் நின்றது கேசர்பேர்க். மேலே இடிந்த கோட்டை, கீழே சின்ன ஆறு, ஆற்றின் மேல் கல் பாலம், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள். ஆல்பர்ட் ஸ்வைட்சர் 1875-ல் பிறந்த ஊர். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை கட்டி, 1952-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு பெற்றவர். இந்தியச் சிந்தனை பற்றி எழுதிய புத்தகத்தில் நம் திருக்குறளை மனதாரப் பாராட்டியவரும் இவர்தான். அதைச் சொன்னதும், "இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள். எங்கள் தமிழ் ஐயா சொன்னது, மறக்கவில்லை.

ஸ்வைட்சர் பிறந்தபோது இந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. 1871-ல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி அல்சாஸைப் பிடித்துக்கொண்டது. முதல் உலகப்போர் முடிந்ததும் மறுபடி பிரான்ஸ். 1940-ல் ஹிட்லர் மறுபடி சேர்த்துக்கொண்டார். 1945-ல் மறுபடி பிரான்ஸ். நகராமல் ஒரே வீட்டில் வாழ்ந்த ஒரு பாட்டிக்கு எழுபத்தைந்து வயதுக்குள் நாலு முறை நாடு மாறியிருக்கும்! ஸ்வைட்சரின் கதை இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரை, முதல் உலகப்போரின்போது 'நீ ஜெர்மன்காரன்' என்று பிரான்சுக்குக் கொண்டுவந்து முகாமில் அடைத்தார்கள்.

அங்கிருந்து சிகோல்சைம். 'ஹைம்' என்றால் ஜெர்மனில் வீடு. ஊர்ப் பெயர் ஜெர்மன், பேச்சு பிரெஞ்சு. ஊருக்கு மேலே திராட்சைக் குன்றின் உச்சியில் ஒரு ராணுவக் கல்லறை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும் என்றாள் மகள். ஏறினோம்.

இங்கேதான் என் புதுக்கோட்டைப் பெருமை கவிழ்ந்தது. முதல் வளைவில் கடைசி கியர் வந்துவிட்டது. இரண்டாவது வளைவில் முழங்கால் 'டக்' என்றது. மூன்றாவதில் இறங்கிவிட்டேன். மகள் பட்டன் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. திராட்சை வரிசையிலிருந்து நிமிர்ந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார். ஏதோ பிரெஞ்சில் சொன்னார், புரியவில்லை. ஒரு குலையை எடுத்து நீட்டினார். கைநிறைய சின்னச் சின்னதாக, தோல் தடித்த பழம். நம் ஊர்ப் பன்னீர் திராட்சை மாதிரி கொட்டை நிறைய, ஆனால் அப்படியொரு தித்திப்பு. அங்கேயே நின்று அத்தனையையும் தின்றுவிட்டேன்.

மேலே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. 1944 டிசம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரை கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் இறந்த பிரெஞ்சுப் படை வீரர்கள் இங்கே இருக்கிறார்கள். 1,589 பேர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சிலுவைக் கல்லறைகள் ஒரு பக்கம், பிறை வளைவு வைத்த கல்லறைகள் ஒரு பக்கம், யூதர்களுடையவையும் உண்டு. சுற்றிலும் நாலு பக்கமும் திராட்சை.

எதிர்ப்பக்கம் நின்றவர்களிலும் எல்லோரும் ஜெர்மன்காரர்கள் இல்லை என்று மகள் சொன்னாள். 1942-லிருந்து அல்சாஸ், மோசெல் பகுதிப் பையன்கள் சுமார் 1,30,000 பேரைக் கட்டாயப்படுத்தி ஜெர்மன் படையில் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோரை ரஷ்ய முனைக்கு அனுப்பினார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம். 'நம் விருப்பத்துக்கு மாறாக' என்ற பொருளில்தான் இன்றும் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். "என் வீட்டுக்கார அம்மாவோட தாத்தா அப்படிப் போனவர்தாம்மா. அவங்க வீட்ல அவர் போட்டோவைச் சுவத்துல மாட்ட மாட்டாங்க. டிராயர்ல வச்சிருப்பாங்க."

இறக்கத்தில் பென்வீர். சுற்றுலாக்காரர்கள் நிற்காத ஊர். காரணம், அழகான பழைய வீடுகள் இல்லை. அந்த 1944 டிசம்பர் சண்டையில் ஊரே தரைமட்டமாகிவிட்டது, இப்போது இருப்பதெல்லாம் போருக்குப் பிறகு கட்டியது. அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ரிக்வீர். அது தப்பிவிட்டது. 1291-ல் எழுப்பிய காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டு வீடுகள் மஞ்சள், நீலம், செங்காவி என்று வண்ணம் பூசி, ஜன்னலெல்லாம் பூத்தொட்டியோடு நிற்கின்றன. கூட்டமோ திருவிழாக் கூட்டம். உருளைக்கல் பாவிய தெரு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ரிக்வீர் அழகு, மறுக்கவில்லை. ஆனால், என்னைக் கேட்டால் பென்வீரிலும் பத்து நிமிடம் இறங்கிவிட்டுப் போங்கள். அதைப் பார்த்த கண்ணோடு பார்த்தால்தான் ரிக்வீர் என்னவென்று தெரியும்.

ரிக்வீரில் கடைக்குக் கடை ஒயின் ருசி பார்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கமில்லை. பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: பிரான்சில் குடித்துவிட்டு ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த ஊர் ஹுனாவீர் இரண்டே கிலோமீட்டர். தோட்டத்துக்கு நடுவில் கோட்டைச் சுவர் சூழ்ந்த ஒரு சர்ச். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் பல நூறு ஆண்டுகளாக ஒரே கட்டடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இந்த ஊரில் செங்கால் நாரைகளுக்கும் ஒரு வளர்ப்பு மையம் இருக்கிறது. அல்சாஸின் அடையாளமே இந்தப் பறவைதான். ஆனால், 1970-களில் பத்து ஜோடிக்கும் கீழே வந்துவிட்டதாம். ஆப்பிரிக்காவுக்குப் போனவை வழியில் மின்கம்பியிலும் வேட்டையிலும் செத்து, திரும்பவே இல்லை. அதனால் குஞ்சுகளைக் கூண்டில் சில வருடம் வைத்து, வலசை போகும் பழக்கத்தை மறக்கவைத்து, பிறகு திறந்துவிட்டார்கள். இப்போது நூற்றுக்கணக்கான ஜோடிகள். நாங்கள் போனபோது கூரை மேல் நிறைய கூடுகள் காலி. "இப்போ பிறக்கிற குஞ்சுங்க எல்லாம் மறுபடி தெற்கே போக ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றாள். "வசந்தத்துல வந்துடும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிபோவில்லேவில் ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்தோம். குகெல்ஹோப்ஃப் வாங்கினாள். நடுவில் ஓட்டை வைத்து, தலைப்பாகை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் கேக், உள்ளே உலர்திராட்சை, மேலே பாதாம். பிய்த்துத் தின்னும்போது கேட்டுவிட்டேன்.

"திரும்பி வருவியா, பாப்பா?"

உடனே பதில் வரவில்லை. "ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்மா. அதுக்கப்புறம் எனக்கே தெரியலை. தெரிஞ்ச மாதிரி உன்கிட்ட பொய் சொல்ல வேணாம்னுதான் நானும் பேச்செடுக்கலை." கொஞ்ச நேரம் கழித்து, "உன் முழங்கால் வலிக்குதுதானே? காலையிலேர்ந்து நீயும்தான் சொல்லலை" என்றாள்.

திரும்பும்போது எதிர்காற்று. 15 கிலோமீட்டர் சமவெளிதான், ஆனால் என்னால் முடியவில்லை. மக்காச்சோளக் காட்டு ஓரம் நிறுத்தி சைக்கிளை மாற்றிக்கொண்டோம். பட்டனை அமுக்கினேன். பின்னாலிருந்து யாரோ சீட்டைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அப்பா எனக்குக் கற்றுக்கொடுக்கும்போது அப்படித்தான் பிடித்திருப்பார்.

"மெதுவா போம்மா, நான் மிதிக்கணும்ல!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

வேகத்தைக் குறைத்தேன். கோல்மார் வரும்போது வாடகைக் கடை மூட ஐந்து நிமிடம் இருந்தது.