பிள்ளையைப் பறிகொடுத்த ஷிராவின் கதை
அமெரிக்கப் பெண் எழுத்தாளர் மார்ஜ் பியர்சி 1991இல் எழுதிய ‘ஹீ, ஷீ அன்ட் இட்’ நாவலைப் பற்றி வாசகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கதை 21ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடக்கிறது. உலகை ஆள்பவை பெரிய கம்பனிகள். ஷிராவின் மணமுறிவின்போது, அவள் வேலை செய்யும் கம்பனியே சிறு மகனைத் தகப்பனிடம் கொடுத்துவிடுகிறது. அவள் தன்னை வளர்த்த பாட்டி மல்காவிடம் திரும்புகிறாள். அங்கே ஊரைக் காக்க யோட் என்ற இயந்திர மனிதனைச் செய்திருக்கிறார்கள். அவனுக்குப் பாட்டி, பழைய பிராக் நகரில் யூத மதகுரு ஒருவர் களிமண்ணால் செய்த காவலனின் கதையைச் சொல்கிறாள்.

இந்தப் பழங்கதை வேகத்தைக் கெடுக்கிறது என்று கணினி உலகச் சாகசத்தைத் தேடி வந்தவர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கோ நாவலின் உயிரே அதுதான். (எந்தப் பாட்டி சுருக்கமாகக் கதை சொன்னார்?)

பெரிய வாக்குவாதம் முடிவைப் பற்றியது. உணர்வுள்ள ஆயுதம் இனி வேண்டாம் என்று யோட், தன்னைச் செய்தவரையும் ஆய்வுகூடத்தையும் தன்னோடு அழிக்கிறான். எஞ்சிய குறிப்புகள் ஷிராவின் கையில். அவனை நேசித்தவள், மீண்டும் அவனை உருவாக்க எண்ணியவள், கடைசியில் அவற்றை அழித்துவிடுகிறாள். கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மாருடன் வேலை செய்யும் நான், அவள் தயங்கும் அந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.