பூச்சுக்கு அடியில்

வாப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டி எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பல ஆண்டுகளாக நின்றிருந்தது. அதன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. இருக்கைக்குப் பின்னுள்ள வால்பகுதி மூடி விரிசல் விட்டபோது, அதை ஃபைபரில் நாங்களே செய்வதென்று அண்ணன் தம்பி இருவரும் முடிவெடுத்தோம். சட்டகம், விளக்கு, எண் பலகை ஆகியவற்றில் கை வைப்பதில்லை என்றும் பேசிக்கொண்டோம். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

நாகூர்க்காரர்களுக்கு ஃபைபர் அந்நியமானதன்று. 2004 சுனாமிக்குப் பின் நாகைக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. படகு செய்வோர் வாங்கும் ரெசினையும் கண்ணாடியிழை மேட்டையும்தான் நாங்களும் வாங்கினோம். கடைக்காரர் ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னார்: கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும்.

முதல் முயற்சியில் தெர்மாகோலைச் செதுக்கி அதன்மேல் ரெசினைத் தடவினோம். கண்முன்னே அது குழிந்து உருகியது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதை ஒரு முழுநாள் உழைப்பை இழந்து கற்றோம். பிறகு களிமண்ணில் வடிவம் செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து, அது காய்ந்ததும் வார்னிஷ் அடித்து, ஐந்தாறு முறை வேக்ஸ் தேய்த்தோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை மூன்று அடுக்காக வைத்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் ரெசின் ஊறி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வேலை முழுவதும் அந்த உருளையில்தான் இருக்கிறது.

கோடைவெயிலில் கலந்த ரெசின் பத்துப் பதினைந்து நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஒருநாள் ஹார்டனரை ஊற்றிய மறுகணம் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, நிதானமாகச் செய்யவும் மனம் வரவில்லை. குவளையில் மிஞ்சியது சூடேறிப் புகைந்தது. அன்றுமுதல் தொழுதுவிட்டு வந்தே கலக்கினோம். கையுறையின் அருமையும் உளூச் செய்யும்போதுதான் புரிந்தது. தோலில் இறுகிய ரெசின் இருந்தால் நீர் அதன்மேல் வழிந்தோடுமே தவிரத் தோலைத் தொடாது. இளையவன் ஹவுளின் விளிம்பில் அமர்ந்து புறங்கையைச் சுரண்டிக்கொண்டிருக்க, ஜமாஅத் தொடங்கிவிட்டது.

உம்மாவுக்கு வேறொரு வழக்கு இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நாளில் எங்கள் கைலிகளை வீட்டுத் துணிகளோடு ஊறப் போட்டுவிட்டோம். கண்ணாடித் துகள் உம்மாவின் தொழுகைத் துணிவரை ஏறி, இரண்டு நாள் வீடே சொறிந்துகொண்டது. முகக்கவசம் அணியாமல் தேய்த்தால் அந்தத் துகள் நுரையீரலுக்கும் போகும் என்று எண்ணியபோது எங்களுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு அடுத்த தெருப் பையன் ஒருவன் தன் வண்டிக்கும் ஒன்று கேட்டான். ஆயிரம் ரூபாய் முன்பணம் தந்தான். நோன்புப் பெருநாளுக்கு ஓட்ட வேண்டுமாம். தராவீஹுக்குப் பின் மூன்று இரவுகள் வேலை செய்தோம். பட்டி பார்த்து, தேய்த்து, கறுப்பு வண்ணம் அடித்து முடித்தபோது முகம் பார்க்கலாம் போலிருந்தது. பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தது.

அன்றிரவு இளையவன் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடியை விளையாட்டாகத் தட்டினான். எங்கும் 'டிக் டிக்' என்ற கெட்டியான ஓசை. இடப்பக்கப் போல்ட் துளையருகே மட்டும் மந்தமான வெற்றோசை. உள்ளே அடுக்குகள் ஒட்டவில்லை. இரு ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில் அது எத்தனை மாதம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும்போது கழன்று பின்னால் வருபவர்மேல் விழலாம்; விழாமலும் போகலாம். அந்த இரண்டாவது சாத்தியத்தை நாங்கள் நெடுநேரம் பேசினோம் என்பதை மறைப்பதற்கில்லை. வண்ணத்தின்மேல் ஒரு குறையும் தெரியவில்லை.

ஸஹருக்கு எழுந்த வாப்பாவிடம் சொன்னோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை அவர் நினைவூட்டவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். "அந்தப் பையனின் வாப்பா எனக்குக் கூட்டாளி" என்றார், அவ்வளவுதான்.

பையனிடம் நாணயத்தைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னோம். "வெளியே ஒண்ணும் தெரியலையே நானா, பெருநாளைக்கு ஓட்டிக்கிறேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். மறுத்தோம். கோபத்தில் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். பெருநாளன்று மூடியில்லாத வண்டியில் எங்களைக் கடந்து சென்றவன் ஸலாம் சொல்லவில்லை.

பிறகு அந்த மூடியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். வெற்றிடம் நாணயம் காட்டியதைவிடப் பெரிது. உள்ளங்கை அகலத்துக்குப் போல்ட் துளையைக் கடந்து பரவியிருந்தது.

அச்சு இருந்ததால் அடுத்ததைச் செய்ய ஒரு வாரம் போதுமாயிற்று. ஆளனுப்பினோம். வந்தவன் ஒன்றும் பேசாமல் தரையில் அமர்ந்து, சட்டைப்பையிலிருந்து சொந்த நாணயத்தை எடுத்து, மூடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டினான். போல்ட் துளைகளை இரண்டு முறை தட்டினான். அதன் பிறகே பணத்தை எண்ணத் தொடங்கினான்.