காதுக்குக் கேட்டது, கணினிக்குக் கேட்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது எங்கள் கவனக்குறைவின் கதை. கணினியின் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை.

களக்காட்டில், சத்தியவாகீசர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் இருவரில் ஒருவரின் பூர்வீக வீடு இருக்கிறது. அதன் மரப்பெட்டியில் ஓர் ஒலிநாடா கிடந்தது. 1991இல் ஓர் அம்மன் கொடையில் இரவு முழுக்க நடந்த வில்லுப்பாட்டில் தொண்ணூறு நிமிடம் அதில் பதிவாகியிருந்தது. வில்லுப்பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு, 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் நினைவுக்கு வருவார். வானொலியும் மேடையும் அவர் குரலை ஊரெங்கும் கொண்டுசேர்த்தன. கொடை இரவுகளில் பாடியவர்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அவர்கள் பாட்டு மிஞ்சியிருப்பதெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

நாடாவைக் கணினிக்கு மாற்றி, ரீப்பர் என்ற இசைத்தயாரிப்பு மென்பொருளில் இரைச்சலை ஓரளவு தணித்தோம். அந்தக் குழுவில் இன்று இருப்பவர் ஒரே ஒருவர். குடம் அடித்தவர், பின்பாட்டும் அவரே. எண்பதைக் கடந்துவிட்டார். அவரைக் கணினி முன் உட்காரவைத்து, காதில் ஒலிவாங்கியை அல்ல, ஹெட்போனை மாட்டி, பாட்டை ஓடவிட்டு, அவர் சொல்வதையும் திரையில் ஓடும் அலைவடிவத்தையும் சேர்த்துக் காணொளியாக்கிவிடலாம் என்பது எங்கள் திட்டம். திரையைப் பதிய ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டோம்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார் தாத்தா. எந்த இடத்தில் கதை திரும்புகிறது, எங்கே உடுக்கை ஒதுங்கிக் குடம் முன்னே வருகிறது, எங்கே புலவருக்கு மூச்சு வாங்கியதால் தாம் வரியை நீட்டிப் பிடித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாலையில் அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்து பதிவைத் திறந்தோம்.

“கேட்டியளா தம்பி, இந்தா, இந்த இடம்! குடம் எப்படி விழுகு பாத்தியளா?” என்று விரலை நீட்டுகிறார். திரையில் கோடு நகர்கிறது. பாட்டு இல்லை. மடிக்கணினியின் மின்விசிறி மட்டும் இரைகிறது. மூன்று மணி நேரமும் ஒரு மனிதர் மௌனத்தைக் காட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

என்ன நடந்தது என்பது பச்சையாற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். விண்டோஸ் கணினியில் சாதாரண நிரல்களின் ஒலியெல்லாம் பொதுவான ஒரு குளத்தில் வந்து கலக்கிறது. திரைப்பதிவு மென்பொருள் அந்தக் குளத்து மடையில் நின்று அள்ளுகிறது. இசை மென்பொருளோ பெரும்பாலும் குளத்துப் பக்கமே வருவதில்லை. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ என்ற முறை, ஒலியைத் தனி வாய்க்கால் வெட்டி நேரே ஒலிக்கருவிக்குக் கொண்டுபோய்விடுகிறது. காரணம் தாமதம். பாடுபவர் தம் குரலை ஹெட்போனில் உடனுக்குடன் கேட்கவேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 256 மாதிரிகளை ஒரு தொகுப்பாக அனுப்பினால், ஒரு தொகுப்புக்கு ஏறத்தாழ 5 மில்லிநொடிதான் ஆகிறது. பொதுக் குளத்தைச் சுற்றிவந்தால் அது கூடிவிடும். ஆக, தாத்தாவின் காதுக்கு வாய்க்கால் வழியே பாட்டு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வறண்ட மடையில் குடம் வைத்துக் காத்திருந்தோம்.

வழிகள் இருந்தன, நாங்கள்தான் தேடவில்லை. வெறுமனே ஓடவிட்டுக் கேட்பதற்கு, ரீப்பரின் ஒலி அமைப்பில் ஏசியோவை விட்டு விண்டோஸின் பகிர்வு முறைக்கு மாறினாலே போதும். பாடவும் வேண்டுமென்றால், ரீப்பருடன் வரும் ரீஸ்ட்ரீம் என்ற செருகுநிரலை அதன் மாஸ்டர் தடத்தில் அனுப்புநராகவும், ஓபிஎஸ்ஸின் ஒலி வடிகட்டிகளில் பெறுநராகவும் வைக்கலாம். வாய்க்காலிலிருந்தே ஒரு கிளை பிரித்து மடைக்குக் கொண்டுவருவது போல. விபி-கேபிள் போன்ற மெய்நிகர் கம்பிகளும் உண்டு. ஆனால் ஒலி முழுவதையும் அதற்குள் திருப்பிவிட்டால் பாடுபவர் காதுக்கு ஒன்றும் வராது. மேக் கணினியில் பிளாக்ஹோலை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் பேச்சை ஒரு தடத்திலும் பாட்டை இன்னொன்றிலும் பிரித்துப் பதிவது நல்லது. ஓபிஎஸ்ஸில் ஆறு தடங்கள் வரை இடமுண்டு.

பெரும்பகுதியை மீட்டோம். நாடாவின் ஒலிக்கோப்பு பத்திரமாக இருந்தது. திரையில் நொடிக்கணக்கும் தெரிந்தது. அவர் எங்கே நிறுத்தச் சொன்னார், எங்கே திரும்ப ஓட்டச் சொன்னார் என்று பார்த்துப் பார்த்துப் பாட்டைக் காணொளிக்கு அடியில் வைத்து ஒட்டினோம். பதினோரு இரவுகள் ஆயின.

ஒன்றை மட்டும் ஒட்ட முடியவில்லை. இடையில் ஒரு பின்பாட்டு வரிக்குத் தாத்தா தம்மையறியாமல் குரல் கொடுத்தார். நல்ல ஒலிவாங்கி அவர் முன்னாலேயே இருந்தது. அவர் குரலும் 1991இன் குரலும் ஹெட்போனில் சேர்ந்து கேட்டன, கண்ணை மூடிக்கொண்டார். திரைப்பதிவில் எல்லாம் சேருகிறதே என்ற நம்பிக்கையில் ரீப்பரில் பதிவுப் பொத்தானை நாங்கள் அழுத்தவில்லை. மடிக்கணினியின் சிறு ஒலிவாங்கி பிடித்த மங்கலான குரல்தான், மின்விசிறி இரைச்சலோடு, எஞ்சியிருக்கிறது.

மறுவாரம் போய் விஷயத்தைச் சொல்லி, அந்த வரியை இன்னொருமுறை பாடமுடியுமா என்று தயங்கிக் கேட்டோம். கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: “அன்னைக்கு அவுக பாடுனாக, நான் எடுத்தேன். இப்பப் பாடுனா உங்களுக்காகப் பாடுனதால்லா இருக்கும்?”

அந்த இரைச்சலை நீக்க முயன்றோம். நீக்க நீக்கக் குரலின் ஓரங்களும் சேர்ந்து போயின. அப்படியே விட்டுவிட்டோம். இப்போது எங்கு போனாலும், யாரையும் உட்காரவைக்கும் முன் பத்து நொடி பதிந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பதிவானதைத் திரும்ப ஓட்டிக் கேட்கிறோம். நம் காதில் விழுவதெல்லாம் பதிவிலும் விழுந்திருக்கும் என்று நம்புவதை அன்றோடு விட்டோம்.