மலை இறங்கும் வண்டி

யாழ்ப்பாணத்திலே மோட்டார் வண்டி ஓட்டப் பழகியவனுக்குத் தெரியாத வீதி ஒன்று உண்டு. அது மலையிலிருந்து கீழே வரும் வீதி. பருத்தித்துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரை ஆயிரம் முறை போய்வந்தாலும் அந்த வித்தை கைவராது. எங்கள் நிலம் பாய் விரித்தாற்போலச் சமமானது. அங்கே ஓடுவதற்குக் கியர், நிறுத்துவதற்குப் பிறேக் என்ற இரண்டு பாடங்களே போதும். மலைநாட்டிலோ அந்தப் பாடம் தலைகீழாகிவிடுகிறது. புதிதாகப் போவோர் ஏற்றத்தைக் கண்டே அஞ்சுவர். ஏற்றத்திலே வண்டி தோற்றால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்திலே தோற்றால் நிற்காது.

என் அம்மான் ஒருவர் பெட்போர்ட் லொறி ஓட்டினார். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கண்டி வழியாக நுவரெலியாவுக்குப் போவார். கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு திரும்புவார். பள்ளிக்கூட விடுமுறையிலே இரண்டொரு முறை நானும் உடன் போயிருக்கிறேன். இறம்பொடைக்கு மேலே, பெரிய இறக்கம் தொடங்குமுன், லொறியை ஓரமாக நிறுத்துவார். இறங்கிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பின்னர் ஏறியிருந்து, இரண்டாம் கியரிலே போட்டுக்கொண்டுதான் நகருவார். பின்னால் வரும் கார்கள் ஹோர்ன் அடித்துத் தீர்க்கும். அவர் செவியில் அது ஏறாது.

"பிறேக் நிப்பாட்டிறதுக்கு, தம்பி. பிடிச்சு வைச்சிருக்கிறது கியர்தான். இறங்கேக்கை கியர் தேடக்கூடாது" என்பார்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. அந்நாளைய லொறிகள் பலவற்றிலே கியரைக் குறைப்பதென்றால் கிளச்சை இருமுறை மிதித்து, நடுவிலே எஞ்சின் வேகத்தைக் கூட்டி, பல்லும் பல்லும் பொருந்தும் கணம் பார்த்துப் போடவேண்டும். சரிவிலே வேகம் பிடித்த பிறகு கணம் தவறினால் கியர் விழாது. வண்டி எந்தக் கியருமின்றி உருளத் தொடங்கிவிடும்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,100 அடிக்குச் சற்றுக் கூடிய உயரத்திலே உள்ளது. கண்டி ஏறக்குறைய 1,600 அடி. பத்துத் தொன் எடையுள்ள லொறியொன்று இந்த 4,500 அடியும் இறங்கும்போது, உயரத்தினால் அது பெற்றிருந்த சக்தி எங்காவது போயே ஆகவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தேன். முழுவதும் வெப்பமாக மாறினால் 400 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கும்! காற்றும் ரயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை எல்லாம் பிறேக்கின் தலையிலே கட்டினால் அது என்ன செய்யும்? பிறேக் ட்றம் சூடேறி விரிந்து, உள்ளே அழுத்தும் கட்டையை விட்டு விலகும். கட்டையின் மேற்பூச்சு பிடிப்பை இழக்கும். எண்ணெய் பிறேக்காயின் எண்ணெயே கொதித்து ஆவியாகி, மிதித்த கால் தரைவரை போகும். காற்றுப் பிறேக்காயின், விட்டு விட்டு மிதிக்க மிதிக்கத் தாங்கியிலுள்ள காற்றுக் குறையும். தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறும்போது பாதி வேலை முடிந்துவிட்டதென்று கொள்ளலாம்.

சிறிய கியரிலே இறங்கினால் இச்சுமையிற் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. சில்லுகள் எஞ்சினைச் சுழற்ற, அந்த வெப்பம் றேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதுவே என்பது பழைய சாரதிகளின் அளவுகோல்.

இதற்கு நேர்மாறாக, எரிபொருளை மிச்சம் பிடிக்கலாமென்று நியூற்றலில் போட்டு இறங்குவோரும் இருக்கின்றனர். இக்காலத்து எஞ்சின்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் வைத்து அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்துத் தானே நின்றுவிடுகிறது. நியூற்றலிலோ எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நமக்கு உண்டு. வேகத்தைப் பொலிஸார் கருவியால் அளப்பர். அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பர். எந்தக் கியரில் வண்டி இறங்குகிறது என்பதை வீதியோரத்தில் நின்று பார்க்க முடியாது. அது சாரதிக்கும் அவன் இடக்கைக்கும் இடையிலுள்ள இரகசியம். 2025 மே 11 அதிகாலை கொத்மலையிலே ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியிலே மற்றொரு பஸ், பதினைந்து உயிர்கள். மலைவீதியிலே பிரயாணி கண்ணயர்ந்து உறங்குகிறான். அவனுக்காக விழித்திருப்பவன் ஒருவனே.

இப்பொழுது குடும்பங்கள் வாடகைக் காரிலே தாமே ஓட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகின்றன. பெரும்பாலும் கிளச் இல்லாத ஜப்பானியக் கார்கள். 'டி'யில் போட்டுவிட்டால் ஏற்றமும் இறக்கமும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். மின்கலத்தோடு கூடிய கார்கள் இறங்கும்போது மின்னைச் சேமிப்பது உண்மைதான். ஆனால் நீண்ட இறக்கத்திலே பாதி வழியில் மின்கலம் நிரம்பிவிடும். அதன்பின் சுமை மீண்டும் பிறேக்குக்கே வரும். அவ்வேளைக்காகத்தான் அவற்றிற் பலவற்றிலே 'பி' என்றும், வேறு சில கார்களிலே 'எல்' என்றும் ஓர் எழுத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு கார் எடுத்த இடத்திலே அந்த எழுத்து எதற்கென்று கேட்டேன். "அது தேவைப்படாது, ஐயா" என்றார் சாவியைத் தந்த இளைஞர்.