கவணும் கவசமும்



மும்பை போன்ற பெருநகரங்களில் தமிழ்ச் சபைகளை மேய்க்கும் ஊழியர்களிடம் வாலிபர்கள் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று இது: "பாஸ்டர், படம் எடுக்க போன் போதுமா, தனியாக ஒரு கேமரா வாங்கட்டுமா?" வேதாகமக் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள், லென்ஸைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆயினும், கேட்கிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள்; ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்பது சிறிய காரியமல்ல. ஆகவே, நம் சபையில் புகைப்படத் தொழில் செய்யும் ஒரு சகோதரரிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டவற்றை வேதத்தின் வெளிச்சத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தொழிலின் மாற்றம்

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு பிலிம் சுருளின் நாட்கள் நினைவிருக்கும். ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொன்றும் காசு. ஆகவே எண்ணி எண்ணி எடுத்தோம். 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் பிலிம் இல்லாத முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அந்தக் கருவி பிறந்த அதே நிறுவனம், பிலிம் வியாபாரத்தை நம்பியிருந்தபடியால், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்திற்குச் சென்றது.

பின்பு கைப்பேசி வந்தது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010-ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 77 லட்சம் மாத்திரமே. சட்டைப் பைக்குள் அடங்கிய சிறிய கேமராக்களே அதிகமாக மறைந்துபோயின. அவற்றின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. தெருமுனை ஸ்டுடியோக்களை நம்பிப் பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போயின. அவர்களில் நம் சபைகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களை ஜெபத்தில் மறவாதிருங்கள்.

வாளியும் குவளையும்

அப்படியானால் தனிக் கேமராவுக்கு இன்னும் என்ன மேன்மை உண்டு? மும்பை மழையில் வாசலில் ஒரு வாளியையும் ஒரு குவளையையும் வைத்துப் பாருங்கள். பெய்கிற மழை ஒன்றே. ஆனால் அகன்ற வாய் உள்ள பாத்திரம் அதிகத் தண்ணீரைப் பிடிக்கிறது. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் பாத்திரத்திற்கு சென்சார் என்று பெயர். தொழில்முறைக் கேமராவில் அது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. விலையுயர்ந்த கைப்பேசிகளிலும் அது பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. பரப்பளவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நூறு மெகாபிக்சல், இருநூறு மெகாபிக்சல் என்று விளம்பரத்தில் காண்பது, அந்தச் சிறிய பாத்திரத்தை எத்தனை அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதையே சொல்லுகிறது. பாத்திரம் பெரிதாகிவிட்டது என்று சொல்லவில்லை.

கைப்பேசி இந்தக் குறையைக் கணக்கினால் ஈடுசெய்கிறது. நீங்கள் ஒரு முறை தொடும்போது அது பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக்கித் தருகிறது. இருளிலும் வெளிச்சமான படம் வருவது இவ்விதமே. அசையாத கட்டடத்திற்கு இது நன்றாயிருக்கும். கைதட்டிப் பாடுகிற ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மங்கலான மண்டபத்தில் எடுத்துப் பாருங்கள். கைகள் புகையைப்போல் கலைந்திருக்கும். அவ்வாறே, கடைசி வரிசையிலிருந்து மேடையை விரல்களால் பெரிதாக்கி எடுக்கும்போது, கைப்பேசி தன் லென்ஸின் எட்டுதலைக் கடந்ததும், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. தூரத்தை நெருக்கமாக்கும் லென்ஸ் கொண்ட கேமராவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மறுபுறம், கேமராவுக்கும் பாரங்கள் உண்டு. லென்ஸ்கள் தனி விலை. நம் கடலோர நகரத்தின் ஈரக்காற்றில், மழைக்காலத்தில் அலமாரிக்குள் மூடி வைத்த லென்ஸின் கண்ணாடியில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுப் பாதுகாக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்திற்கு இதுவும் யோசிக்க வேண்டிய காரியமே.

தாவீது கழற்றி வைத்தது

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சவுல் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் தாவீதுக்கு அணிவித்தான். அவை ராஜாவின் ஆயுதங்கள். தேசத்தில் அவற்றிலும் சிறந்தவை இருந்திருக்குமோ என்பது சந்தேகமே. ஆனால் தாவீதுக்கு அவற்றில் பழக்கமில்லை. அவன் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஆடு மேய்க்கும்போது பழகிய கவணையும் ஆற்றிலிருந்து ஐந்து கற்களையும் எடுத்துக்கொண்டு போனான். கையில் இருப்பதை நன்றாய்ப் பழகியவனுக்கு அதுவே போதுமானதாயிற்று.

வாலிபத் தம்பி, தங்கையே, உன் கைப்பேசியை நீ எவ்வளவு பழகியிருக்கிறாய்? லென்ஸின் மேல் படிந்த விரல் எண்ணெயைத் துடைத்துவிட்டு எடுக்கிறாயா? ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிறவரைத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்துகிறாயா? பெரிதாக்குவதற்கு விரலைப் பயன்படுத்தாமல் இரண்டு அடி முன்னே நடக்கிறாயா? 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல் போதும். இன்று எந்தச் சாதாரணக் கைப்பேசியும் அதைத் தாண்டியே இருக்கிறது. குடும்பப் படங்களுக்கு உன் கவண் போதும்.

ஆனாலும் கவனியுங்கள், அதே தாவீது பின்னொரு காலத்தில் நோபிலே ஆசாரியனிடத்திலிருந்து கோலியாத்தின் பட்டயத்தை விருப்பத்தோடு வாங்கிக்கொண்டான். அப்பொழுது அவன் யுத்தம் பழகியவன். பெரிய ஆயுதம் அவன் கைக்கு ஏற்றதாயிருந்தது. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காக பெசலெயேலைத் தேவன் ஞானத்தினாலும் கைத்திறமையினாலும் நிரப்பினார் என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். கைத்தொழிலும் தேவனுடைய ஈவுதான். திருமணங்களைப் படமெடுத்துப் பிழைக்க வேண்டும் என்ற பாரமும் பழக்கமும் உள்ள வாலிபனுக்கு நல்ல கேமரா ஆடம்பரமல்ல. அது தச்சனின் உளியைப் போன்றது. ஒரு சகோதரரிடம் ஓராண்டு உதவியாளாகச் சென்று கற்றுக்கொள், வாடகைக்கு எடுத்துப் பார், பின்பு வாங்கு.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். "வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டு மயங்காதிருங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. ரொக்கத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதிலோ, நடைமுறைக் கட்டணத்திலோ அந்த வட்டி மறைந்திருக்கும். புதிய போனின் தவணைக்காக ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்த பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் போனில் எடுத்த எந்தப் படமும் அங்கே காத்திருக்கும் தாய்க்கு மருந்து வாங்கித் தராது.

கர்த்தர் தந்த முகம்

இன்னொரு காரியத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பல கைப்பேசிகளில் முகத்தை வழுவழுப்பாக்கி, நிறத்தை வெளுப்பாக்கும் அமைப்பு உண்டு. சிலவற்றில் நாம் கேளாமலே அது இயங்குகிறது. அமைப்புப் பகுதிக்குள் சென்று அதை நிறுத்தி வையுங்கள். திருமணப் பேச்சுக்காக அனுப்பப்பட்ட அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணை நேரில் கண்டபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் அருகிலிருந்து கண்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மகளோ அதற்குப் பின்பு பல மாதங்கள் படம் எடுக்கவே சம்மதிக்கவில்லை. அவளுடைய முகத்தில் ஒரு குறையும் இல்லை, பிரியமானவர்களே. பொய் சொன்னது இயந்திரம்; தண்டனை பெற்றவள் அவள்.

நிறத்தைப் பற்றிய இந்தப் பாரபட்சம் புதியதல்ல. வண்ணப் பிலிம் காலத்திலேயே, அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைத் தோலுள்ள பெண்ணின் படத்தையே பல பத்தாண்டுகள் அளவாக வைத்திருந்தன. சாமுவேல் தீர்க்கதரிசியும் எலியாபின் தோற்றத்தைக் கண்டு இவன்தான் என்று நினைத்தான். தேவனோ தாம் இருதயத்தைப் பார்க்கிறதை அவனுக்கு உணர்த்தினார். மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகத்தில் வீசிய ஒளியை ஜனங்கள் எல்லாரும் கண்டார்கள். அவனுக்கு மட்டும் அது தெரியவில்லை. தன் முகத்தை ஓயாமல் தானே படமெடுத்துப் பார்க்கும் இந்தத் தலைமுறைக்கு இது எவ்வளவு அவசியமான பாடம்!

தகரப் பெட்டியில் இருந்த படம்

தாராவியில் நாற்பது ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு மூத்த விசுவாசி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் நான்கு கைப்பேசிகள், ஆயிரக்கணக்கான படங்கள். பிறந்தநாள் கேக், கடற்கரை, பிரியாணித் தட்டு, பேரப்பிள்ளைகள் எல்லாம் இருந்தன. அவரோ எதிலும் ஓரத்தில் நின்றார், அல்லது பாதி மறைந்திருந்தார். மூத்த மகன் திரையைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டே அழ ஆரம்பித்தார். முடிவில் அந்த அம்மா கட்டிலின் அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். திருமணமான புதிதில் நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அதில் இருந்தது. சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாய்த் தெரிந்தது. அந்த இளம் முகத்தையே சட்டமிட்டு முன்னால் வைத்தோம்.

அன்று எனக்குத் தோன்றியது இதுவே: எந்தக் கருவி சிறந்தது என்று விவாதிக்கிறோம்; யாரைப் பார்த்து அதைத் திருப்புகிறோம் என்று யோசிக்கிறோமா? யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவரும்படி கர்த்தர் கட்டளையிட்டார்; யோசுவா அவற்றைக் கில்காலில் நிறுத்தினான். பின்வரும் பிள்ளைகள் கேட்கும்போது கர்த்தர் செய்ததைச் சொல்லும்படிக்கே அவை நாட்டப்பட்டன. பன்னிரண்டு போதுமாயிருந்தது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு நம் குடும்பப் படங்கள் அப்படிப்பட்ட கற்கள். அவற்றுக்கு மாலையிடவோ, விளக்கேற்றவோ, வணங்கவோ நமக்கு அனுமதியில்லை. ஆனால் தேவன் நடத்திவந்த வழியை அவற்றைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆகவே சில காரியங்களைச் செய்யுங்கள். இந்த மாதத்திலேயே அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியே, பகல் வெளிச்சத்தில், நிதானமாய் உட்காரவைத்துப் படமெடுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களைத் தெரிந்தெடுத்து அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் தேதியும் இடமும் எழுதுங்கள். ஒரு பிரதியை ஊருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாய் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச்சேரும்; முழுத் தெளிவு வேண்டுமானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. புதிய படங்கள் 15 ஜிபி என்ற இலவச அளவுக்குள் கணக்கிடப்படுகின்றன. போன் தொலைந்தால் எல்லாம் தொலையும் நிலையில் இருக்காமல், ஒரு ஹார்ட் டிஸ்கிலும் பிரதி வையுங்கள்.

ஆராதனையில் மாத்திரம் ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி முப்பது கைகள் போனை உயர்த்தும்போது, பின்னால் நிற்கும் தாயால் தன் மகனைக் காண முடிவதில்லை. சபை நியமித்த ஒருவர் படமெடுக்கட்டும். மற்றவர்கள் ஜெபத்தோடு பாருங்கள். கண்ணீரோடு ஜெபிக்கிறவர்களையும், புதிதாய் வந்தவர்களையும், பிறருடைய பிள்ளைகளையும் அனுமதியின்றி எடுத்துப் பரப்பாதிருங்கள். ஒரு படத்தினால் ஒருவருடைய வீட்டில் உபத்திரவம் எழும்பக்கூடும்.

உங்கள் கையில் கவண் இருக்கலாம், பட்டயம் இருக்கலாம். இரண்டும் கர்த்தர் தந்ததே. கடனில்லாமல் வாங்குங்கள், பழகுங்கள், உண்மையாய்ப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஓரத்தில் நிற்கிறவர்களை நடுவில் அழைத்து நிறுத்துங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.